அலங்கார விளக்கு எரியவில்லையா? அறுந்த இடத்தைத் தேடுங்கள்

தீபாவளி நெருங்கினால் பினாங்கு அடுக்குமாடி வீடுகளில் அலமாரி மேலிருந்து அட்டைப் பெட்டிகள் இறங்க ஆரம்பிக்கும். உள்ளே போன வருடம் சுருட்டி வைத்த லிப்லாப் விளக்கு (விட்டு விட்டு எரியும் சரம்), பேட்டரியில் மினுக்கும் அகல், சாமி படத்துக்குப் பின்னால் சுற்றும் ஒளிவட்டம். கிறிஸ்துவர் வீடென்றால் காகித நட்சத்திரம், குடில் விளக்கு, இடுப்பை ஆட்டிப் பாடும் கிறிஸ்துமஸ் தாத்தா. எடுத்துச் சுவிட்சைப் போட்டால் பாதி எரியாது. கெட்டுப்போச்சு என்று ஓரமாக வைத்துவிட்டு, லெபோ பாசாரிலோ பாசார் மாலாம் இரவுச் சந்தையிலோ பத்து வெள்ளிக்குப் புதுசு வாங்கி வந்துவிடுகிறோம்.

அந்தப் பெட்டியில் நிஜமாகவே கருகிப்போன சாமான் மிகக் குறைவு. பெரும்பாலானவற்றில் மின்சாரம் போகும் வழி எங்கோ ஓர் இடத்தில் அறுந்திருக்கும், அவ்வளவுதான். அது பேட்டரி முனையில் படிந்த துருவாக இருக்கலாம். ஒயரின் மேல்தோல் முழுசாக இருக்க, உள்ளே முறிந்துகிடக்கும் செம்புக் கம்பியாக இருக்கலாம். பழுது பார்ப்பதில் முக்கால்வாசி நேரம் அந்த இடத்தைத் தேடுவதிலேயே போகும். கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்வது சின்ன வேலை. எப்படித் தேடுவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை.

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரு சுவிட்ச், சுற்றிலும் ஒரு கோடு வரைந்திருப்பீர்கள். அந்தப் படம் போதும். மின்சாரம் பேட்டரியின் ஒரு முனையில் கிளம்பி, விளக்கைத் தாண்டி, மறுமுனைக்குத் திரும்பி வரவேண்டும். போனால் மட்டும் போதாது, திரும்பவும் வேண்டும். வழியில் எங்கே இடைவெளி விழுந்தாலும் முழுச் சுற்றும் நின்றுவிடும். இடைவெளி வரைக்குமாவது ஓடும் என்றெல்லாம் கிடையாது. அதனால்தான் ஒரு மூலையில் உள்ள சின்ன முறிவு மொத்த விளக்கையும் அணைத்துவிடுகிறது. விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தால் முறிவு எங்கே என்று தெரியவும் தெரியாது.

தேடுவதற்கு ஒரு மல்டிமீட்டர் வேண்டும். ஹார்ட்வேர் கடையில் 20, 30 வெள்ளிக்குக் கிடைக்கும் சாதாரணமானதே போதும். அதில் மூன்று வேலைகள் தெரிந்தால் சரி: டிசி வோல்ட் அளப்பது, ஓம் (மின்தடை) அளப்பது, இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்தால் பீப் என்று கத்தும் கன்டினியூட்டி. வோல்ட் பார்க்கும்போது மட்டும் பேட்டரி உள்ளே இருக்கலாம். ஓமும் பீப்பும் பார்க்கும்போது பேட்டரி வெளியே, பிளக் சுவரை விட்டு வெளியே. இதை மாற்றிச் செய்தால் மீட்டர் தப்புத் தப்பாகச் சொல்லும், சில சமயம் அதன் ஃபியூஸும் போய்விடும்.

கை வைக்கும் முன்

திருப்புளியை எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: இதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

பேட்டரி என்றால் தைரியமாகத் திறக்கலாம். மூன்று டபுள் ஏ பேட்டரி போட்டாலும் 4.5 வோல்ட்தான், தொட்டால் ஒன்றும் ஆகாது. அடாப்டர் வைத்தது என்றால் அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அவுட்புட் 12 வோல்ட், 24 வோல்ட், 31 வோல்ட் என்று ஏதாவது போட்டிருந்தால், அடாப்டருக்கு அந்தப் பக்கம் உள்ள ஒயரும் விளக்கும் நீங்கள் பார்க்கக்கூடியவை. அடாப்டரைத் திறக்காதீர்கள், போய்விட்டால் அதே வோல்ட், அதே வகை, சிரிம் (மலேசியத் தரச்சான்று) ஒட்டு வில்லை உள்ளதாக வேறு வாங்குங்கள்.

மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றும். பிளக்கிலிருந்து நேராக ஒயர் வரும், நடுவில் எட்டு விதமாக மினுக்குவதற்குப் பொத்தான் வைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டி வோல்ட்டைக் குறைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். குறைப்பதில்லை. அது விட்டு விட்டுப் போடும் சுவிட்ச் மட்டும்தான். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு எல்இடியின் காலும் சுவரின் 230, 240 வோல்ட்டோடு நேர்த்தொடர்பில் இருக்கிறது. விளக்கு அரிசி அளவுதான் இருக்கும், அதிர்ச்சி முழுசாக அடிக்கும். இந்த வகையைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பிடுங்கிய பிறகும் பெட்டிக்குள் கெப்பாசிட்டர் இருந்தால் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆரம்பத்தில் இருப்பவர்கள் பெட்டியைத் திறக்காமல் விடுவதே நல்லது. ஒயர் தோலுரிந்து செம்பு தெரிகிற சரமாக இருந்தால் பழுதே பார்க்காதீர்கள், குப்பைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் ரொம்ப சாதாரணமாக நடப்பது. மலிவான சரங்கள் இரண்டு முள் பிளக்கோடு வரும். நம் சுவர்ப் பிளக்கின் இரண்டு துளைகளும் மூடியிருக்கும், மேலே உள்ள எர்த் துளையில் எதையாவது நுழைத்தால்தான் திறக்கும். அதற்காகப் பேனா மூடியையோ சீனக் கடைக் குச்சியையோ செருகி, இரண்டு முள்ளையும் திணிப்பார்கள். முள் தளர்வாக உட்கார்ந்து, பொறி பறந்து, பிளக் உருகுவது இப்படித்தான். ஃபியூஸ் உள்ள மூன்று முள் மாற்று பிளக் சில வெள்ளிதான்.

பேட்டரி பொம்மைகள்: வெள்ளைப் பூப்பு

வீட்டில் பழுதுபார்க்க நல்ல தொடக்கம் பேட்டரி சாமான்கள். இவற்றில் நான் பார்த்தவரை முதல் குற்றவாளி ஒன்றுதான்: பண்டிகை முடிந்ததும் பேட்டரியை எடுக்காமல் பெட்டியில் போட்டு வைப்பது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி போன டிசம்பரில் ஓர் ஆடும் தாத்தாவைக் கொண்டுவந்தார். "தம்பி, பேரப்பிள்ளைங்க வர்றப்ப இது ஆடலைன்னா முகம் வாடிப்போயிடும்பா. புது பேட்டரி போட்டும் பார்த்துட்டேன்."

"பழைய பேட்டரிய எப்ப எடுத்தீங்க ஆன்ட்டி?"

"இப்பத்தான்."

அடிப்பக்க மூடியைத் திறந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. கழித்தல் பக்கத்து ஸ்பிரிங்கின் மேல் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் படிவம், ஓரத்தில் கொஞ்சம் பச்சை. அல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். பேட்டரி தீர்ந்த பிறகும் உள்ளே வேதிமாற்றம் நிற்பதில்லை. ஹைட்ரஜன் வாயு மெல்ல மெல்லச் சேர்ந்து, அடைப்பைத் தள்ளி, காரத்தை வெளியே கொண்டுவருகிறது. வெளியே வந்த காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட் ஆகிறது. அந்த வெள்ளைப் பொடி அதுதான். அது ஸ்பிரிங்குக்கும் பேட்டரிக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டால் புதுப் பேட்டரி போட்டும் பிரயோசனமில்லை. சுற்று அங்கேயே அறுந்திருக்கிறது.

காரத்தை அமிலம்தான் போக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சமையல் வினிகரில் நனைத்து ஸ்பிரிங்கில் வைத்தால் மெல்லிய நுரை கிளம்பும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும். நுரை நிற்கும் வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அப்புறம் தண்ணீரில் நனைத்த குச்சி, கடைசியாக மருந்துக் கடையில் வாங்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பிறகு நன்றாகக் காயவிடுவது. வினிகர் மிச்சம் இருந்துவிட்டால் அதுவே அடுத்த துருவுக்கு வழி. பழைய காலத்து மலிவான ஸிங்க் கார்பன் பேட்டரி கசிந்திருந்தால் கதை தலைகீழ்: அதன் கசிவு அமிலத்தன்மை உள்ளது, ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துடைக்க வேண்டும். எதுவானாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள். துடைத்த பிறகு மெல்லிய உப்புத்தாளால் முனை பளபளக்கும் வரை தேய்க்கலாம்.

தாத்தா இத்தனைக்குப் பிறகும் அசையவில்லை. அப்போதுதான் மீட்டர். பேட்டரிப் பெட்டியின் இரு முனைகளில் 4.8 வோல்ட் காட்டியது (புதுப் பேட்டரி ஒவ்வொன்றும் 1.6 வரை காட்டும்). உள்ளே ஒயர் போய்ச் சேரும் சர்க்கிட் பலகையில் அளந்தால் பூஜ்யம். ஆக, முறிவு இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே. நடுவில் இருப்பது ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர், ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். கறுப்பு ஒயரை லேசாக இழுத்தேன், ஸ்பிரிங் பக்கத்திலிருந்து கையோடு வந்துவிட்டது. நுனியில் செம்பு இல்லை, கரிப்பொடிதான் இருந்தது. கசிந்த காரம் ஒயரின் மேல்தோலுக்குள் ஏறி, இழைகளுக்கு நடுவே ஊர்ந்து போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒயர் புத்தம் புதுசு மாதிரி இருக்கும். தோலை உரித்துக்கொண்டே போனேன், செம்பு நிறம் வரவே இல்லை. கடைசியில் முழு ஒயரையும் மாற்றினேன். தாத்தா ஆடினார். பாட்டு இடையிடையே கரகரத்தது, சுவிட்சை முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து தடவை தள்ளியதும் அதுவும் சரியானது. வருடம் முழுக்கத் தள்ளாமலே கிடக்கும் சுவிட்சின் உள்முனைகளில் படியும் மெல்லிய ஆக்சைடுப் படலம் அப்படித் தேய்த்தாலே போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டியது வேலை நடந்த வரிசை. மின்சாரம் கிளம்பும் இடத்தில் அளந்து, போய்ச் சேர வேண்டிய இடத்தில் அளந்து, நடுவில் எங்கே காணாமல் போகிறது என்று பார்த்தேன். எந்த பொம்மைக்கும் இதே வழிதான். பல ஒயர்கள் இருந்தால் முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பிறகு தொடுங்கள். திருகுகளை ஒரு தட்டில் போட்டு வையுங்கள், குழந்தைகள் இல்லாத பக்கமாக.

ஒயர் முறியும் இடத்தையும் ஊகிக்கலாம். அசையும் பாகத்துக்குப் போகும் ஒயர், பெட்டியிலிருந்து வெளியே வந்து வளையும் இடம், இந்த இரண்டும்தான் பெரும்பாலும். சுவிட்சைப் போட்டு வைத்துக்கொண்டு அந்த வளைவை மெல்ல அசையுங்கள். ஒரு நொடி மினுக்கினால் இடம் அகப்பட்டுவிட்டது. இந்த அசைத்துப் பார்க்கும் வேலை பேட்டரி சாமான்களுக்கு மட்டும், சுவர் மின்சாரத்தில் ஓடுவதற்கு அல்ல.

பல்புச் சரம்: ஒன்று போனால் எல்லாம்

எல்இடி வருவதற்கு முந்தைய கண்ணாடி பல்புச் சரம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்த மஞ்சள் வெளிச்சத்துக்காகவே வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும், நானும் அந்தக் கட்சிதான். 1882-ல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலமாக 80 மின்பல்புகளைத் தொங்கவிட்டது இந்த வழக்கத்தின் ஆரம்பம்.

சுவரில் 240 வோல்ட், பல்போ 12 வோல்ட் தாங்கும். 20 பல்புகளை வரிசையாக, ஒன்றின் வாலில் அடுத்ததன் தலை என்று கோத்தால் ஆளுக்கு 12 வோல்ட் பங்காகிவிடும். 2.4 வோல்ட் பல்பு என்றால் 100 வேண்டும். இதுதான் தொடர் மின்சுற்று. மலிவாகச் செய்துவிடலாம், ஆனால் எல்லாருக்கும் ஒரே வழி என்பதால் ஒரு பல்பின் இழை அறுந்தால் இருபதும் இருட்டு.

இதற்கு விளக்குக் கம்பெனிகள் கண்டுபிடித்த தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நல்ல சரத்தின் பல்பைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இழைக்குக் கீழே, இரண்டு தாங்கு கம்பிகளையும் சேர்த்துச் சுற்றிய ஒரு மெல்லிய கம்பி தெரியும். அதன் மேல் ஆக்சைடு பூச்சு இருப்பதால் சாதாரணமாக மின்சாரம் அதன் வழியே போகாது. இழை அறுந்த கணத்தில் சரத்தில் ஓட்டம் நின்றுவிடும். ஓட்டம் இல்லாதபோது மற்ற பல்புகள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வதில்லை, 240 வோல்ட்டும் மொத்தமாக அந்த ஒரு முறிவின் மேல் வந்து நிற்கும். அந்த அழுத்தத்தில் ஆக்சைடு பூச்சு உடைந்து, கீழ்க்கம்பி பாலமாகிவிடும். செத்த பல்பு இருட்டாக இருக்கும், மீதி எரியும்.

ஆனால் இதற்கு விலை உண்டு. செத்த பல்பின் பங்கும் மற்றவற்றுக்குப் பிரிந்து போகிறது. இரண்டு போனால், மூன்று போனால் மிச்சமுள்ளவை கொஞ்சம் கூடுதலாகப் பளிச்சிடும், சூடாகும், சீக்கிரம் சாகும். "நாலஞ்சுதானே எரியல, பரவாயில்ல" என்று விட்ட சரம் திடீரென்று மளமளவென்று போவது இதனால்தான். செத்ததை உடனே மாற்றுங்கள், அதே வோல்ட் பல்பாக. நுனியில் வெள்ளையாகக் குறியிட்ட பல்பு ஒன்று இருந்தால் அதைச் சாதாரண பல்பாக நினைத்து மாற்றாதீர்கள். பல சரங்களில் அது ஃபியூஸாக வேலை செய்யும் பல்பு. நுனி சிவப்பானது மினுக்கும் பல்பு. உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடு சூட்டில் வளைந்து சுற்றை அறுக்கும், ஆறினால் திரும்ப வந்து சேரும். லிப்லாப்பின் பழைய ரகசியம் இவ்வளவுதான்.

முழுச் சரமும் இருட்டாக இருந்தால் ஒவ்வொரு பல்பாகப் பிடுங்கிப் பார்ப்பது நம் அப்பாக்களின் முறை. அதைவிடச் சுருக்கமான வழி பாதியாகப் பிரிப்பது. பிளக்கைக் கழற்றி எடுத்து, மீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் ஒரு முள்ளில் பிடியுங்கள், மறுமுனையைச் சரத்தின் நடுவிலுள்ள 10-வது பல்பின் காலில் வையுங்கள். ஏதாவது ஓம் எண் வந்தால் அந்தப் பாதி நல்லது, முறிவு அடுத்த பாதியில். எண்ணே வராமல் மீட்டர் ஆரம்பத்தில் காட்டியதையே காட்டினால் முறிவு இந்தப் பாதியில். கெட்ட பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 20, 10, 5, 3, 2 என்று நாலைந்து அளவையில் குறிப்பிட்ட பல்புக்கு வந்துவிடலாம். பீப் சத்தத்தை இங்கே நம்ப வேண்டாம். பத்து பல்புகளின் தடை சேர்ந்தால் நூறு ஓமைத் தாண்டிவிடும், பீப் அதற்குக் கத்தாது. நல்ல சரத்தையும் அறுந்தது என்று நினைத்துவிடுவீர்கள்.

கடைசியில் அகப்பட்ட பல்பு நல்லதாகவே இருக்கலாம். அதன் செம்புக் கால்கள் இரண்டும் பிளாஸ்டிக் அடியில் சரியாக மடங்காமல் சாக்கெட்டைத் தொடாமல் இருந்திருக்கும். மடக்கிவிட்டுச் செருகினால் முடிந்தது.

அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த சரம், மரத்தொங்கட்டான் எதுவானாலும் ஒரு நிமிடம் பொறுங்கள். அங்கே சுவரில் 120 வோல்ட். அங்கத்திய சரத்தை இங்கே நேராகச் செருகினால் ஒரே மின்னலில் கதை முடிந்துவிடும். ஹால்மார்க் போன்ற கம்பெனிகளின் பழைய எரியும் தொங்கட்டான்கள் தனியாக வேலை செய்யாது. சரத்தில் ஒரு பல்பைப் பிடுங்கி அந்த இடத்தில் செருகும் மாதிரி செய்தவை, சுமார் 3 வோல்ட்டில் ஓடும். உள்ளே வெறும் பல்பு மட்டும் இருந்தால் இரண்டு டபுள் ஏ பேட்டரிப் பெட்டி ஒன்றை ஒயரில் சேர்த்து இங்கேயே எரியவைத்துவிடலாம். சரத்தையும் வோல்ட் மாற்றியையும் தேடி அலைய வேண்டாம்.

எல்இடி

எல்இடியை வெளியூர்ச் சரக்காகப் பார்க்கிறோம், பினாங்குக்கு அதனோடு ஐம்பது வருட உறவு உண்டு. 1972-ல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை திறந்தபோது முதலில் வந்த எட்டு கம்பெனிகளில் ஒன்றான லிட்ரோனிக்ஸ் எல்இடி செய்யும் கம்பெனி. அது பின்னால் சீமன்ஸ் கைக்கும், அப்புறம் ஓஸ்ராம் கைக்கும் போனது. இந்தத் தீவில் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே எல்இடி பார்த்துக் கண் வலித்த அக்காமார்கள் நிறையப் பேர். அவர்களில் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பகுதியை நீங்கள் படிக்கவே தேவையில்லை, அவரிடமே கேளுங்கள்.

எல்இடிக்குப் பக்கம் உண்டு. நீளக் கால் கூட்டல், குட்டைக் கால் கழித்தல், மாற்றிப் போட்டால் எரியாது. சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட் தேவை. மீட்டரின் ஓம் அளவு எல்இடியிடம் எடுபடாது. சோதிக்கச் சுலபமான வழி சிஆர்2032 பட்டன் பேட்டரி: அதன் இரு பக்கத்திலும் எல்இடியின் கால்களை வைத்து அழுத்துங்கள், நல்லதென்றால் எரியும். அந்த பேட்டரியால் அதிக மின்சாரம் தர முடியாது என்பதால் எல்இடி கருகாது.

நம் ஊர் ஈரத்தில் எல்இடி அபூர்வமாகத்தான் சாகிறது, அதன் கால்தான் துருப்பிடித்து உடைகிறது. இரும்புக் கம்பிமேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு, கடற்காற்றில் அது எத்தனை நாள் தாங்கும்? பால்கனியில் தொங்கவிட்ட சரத்தின் பூ மூடியைக் கழற்றிப் பார்த்தால், செம்மண் நிறப் பொடிக்கு நடுவே கால் இருந்த இடம் மட்டும் தெரியும்.

அறிகுறியை வைத்து இடத்தைச் சொல்லிவிடலாம். பேட்டரியில் ஓடும் மெல்லிய செம்புக் கம்பிச் சரத்தில் ஒவ்வொரு எல்இடிக்கும் தனி வழி இருக்கும். ஆகவே எல்லாமே அணைந்திருந்தால் எல்இடியைத் தேடாதீர்கள், பேட்டரிப் பெட்டியைப் பாருங்கள். சுவரில் செருகும் சரத்தில் ஒரு நிறம் மட்டும், அல்லது நாலில் ஒரு பங்கு மட்டும் இருட்டாக இருந்தால் அந்த ஒரு வரிசையில் ஒரு கால் உடைந்திருக்கிறது. மாற்றும்போது அதே நிறமே போடுங்கள். பக்கம் பக்கமாகச் சேர்த்த வெள்ளை எல்இடிகளுக்கு நடுவே ஒரு சிவப்பைச் செருகினால், குறைந்த வோல்ட்டில் எரியக்கூடிய அதுவே மின்சாரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், மற்றவை மங்கிப்போகும்.

பாட்டு நின்றுபோனால்

பாடும் பொம்மையில் முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள். ஒரு பக்கத்து ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு டபுள் ஏ பேட்டரியை ஸ்பீக்கரின் இரு முனைகளில் தொட்டுத் தொட்டு எடுத்தால் டக் டக் என்று சத்தம் வரும். வராவிட்டால் ஸ்பீக்கர் போச்சு, அதே அளவு 8 ஓம் ஸ்பீக்கர் சில வெள்ளிக்குக் கிடைக்கும். சத்தம் வந்தால், பிரச்சினை பலகையிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோ.

பலகையைத் திருப்பிப் பாருங்கள். பழைய சாமான்களில் மூன்று கால் கறுப்புத் துண்டு ஒன்று, டிரான்சிஸ்டர் மாதிரியே, இருக்கலாம். யூஎம்66 என்று எழுதியிருந்தால் அது மெட்டை மனப்பாடம் செய்து வைத்த சில்லு, கிறிஸ்துமஸ் மெட்டு வாசிக்கும் ரகமும் அதில் உண்டு. கழற்றிவிட்டு வேறு போடலாம். புதிய சாமான்களில் அதற்குப் பதிலாகக் கறுப்புத் தார் சொட்டியதுபோல் ஒரு உருண்டை பலகையோடு ஒட்டியிருக்கும். சில்லு அதற்கு உள்ளே இருக்கிறது. அது போய்விட்டால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே அந்த முடிவுக்கு வாருங்கள்.

சால்டரிங், அதாவது ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டவைப்பது, செய்ய வேண்டி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சாதாரண 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும். சால்டரிங் இரும்பின் நுனியை ஒயருக்கும் பலகைக்கும் சேர்த்துத் தொடவைத்து இரண்டையும் சூடாக்கி, ஈயத்தை நுனியில் வைக்காமல் சூடான இணைப்பில் வையுங்கள். பளபளப்பாகப் பரவினால் பிடித்துக்கொண்டது. மங்கலாக உருண்டு நின்றால் அது ஒட்டவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. பழைய பொம்மைகளிலேயே இப்படி உட்கார்ந்த இணைப்புகள் இருக்கும். காலைச் சுற்றி முடி மாதிரி வட்டக் கீறல் தெரிந்தால் அங்கேயே மறுபடி உருக்கிவிட்டால் போதும். பேட்டரிப் பெட்டியின் பிளாஸ்டிக் உருகிவிடும் என்பதால் மூன்று நொடிக்கு மேல் சூடுகாட்டாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கை கழுவிவிட்டுத்தான் வடையைத் தொட வேண்டும், ஈயம் ஈயம்தான்.

பிழைக்காத சாமானிலிருந்து ஸ்பீக்கர், நல்ல எல்இடிகள், மோட்டார், பேட்டரிப் பெட்டி நாலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடப் பழுதுக்கு உதிரிப் பாகம் அவைதான். ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஓடாத பொம்மைகளை இதற்காகவே வாங்கலாம். மீதியை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுங்கள். நம் நாட்டில் அது எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் வரும் பட்டியலிடப்பட்ட கழிவு.

பிழைத்தவற்றைத் திரும்பப் பெட்டியில் வைக்கும்போது பேட்டரியை எடுத்துவிட்டு, எந்த அளவு, எத்தனை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். சரத்தை முழங்கையில் இறுக்கிச் சுற்றாமல் ஓர் அட்டையில் தளர்வாகச் சுற்றுங்கள். மூடி இறுகப் பொருந்தும் பிஸ்கட் டின் இருந்தால் அதில், புதுக் காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைச் சேர்த்துப் போடுங்கள்.